எமானுவேல் ஆலயம், சார்ல்ஸ்டன்: மன்னிப்புக்குப் பிறகும் நீண்ட துக்கம் – ஒரு நிகழ்வு ஆய்வு

2015 ஜூன் 19, வெள்ளிக்கிழமை பிற்பகல். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் சார்ல்ஸ்டன் நகரில் ஒரு ஜாமீன் விசாரணை. ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றவன் சிறையிலிருந்து வீடியோ வழியே திரையில் நிற்கிறான். கொலை நடந்து 41 மணி நேரம்தான் ஆகிறது. ஒருவரைக்கூட இன்னும் அடக்கம் செய்யவில்லை. முதல் அடக்க ஆராதனையே ஜூன் 25-இல்தான் நடக்கப்போகிறது. நீதிபதி, குடும்பத்தார் யாராவது பேச விரும்புகிறீர்களா என்று கேட்கிறார். ஐந்து குடும்பங்களிலிருந்து எழுந்து வருகிறார்கள். அவர்களில் சிலர் அழுதுகொண்டே "உன்னை மன்னிக்கிறேன்" என்கிறார்கள்.

அந்தச் சொல் அன்று மாலைக்குள் உலகம் முழுக்கப் போய்விட்டது. கலவரம் வெடிக்குமோ என்று பயந்துகொண்டிருந்த ஊர் மூச்சு விட்டது. அதன்பின் பல ஆண்டுகளாக இந்த நிகழ்வைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் அந்த நிமிடத்திலிருந்தே தொடங்குகிறார்கள், பெரும்பாலோர் அங்கேயே முடித்தும்விடுகிறார்கள். துக்கத்தில் இருப்பவர்களோடு வேலை செய்கிறவர்கள் அங்கே நின்றுவிடக் கூடாது. அந்த வாக்கியம் ஊரை ஆற்றியது உண்மை. வீட்டுக்குள் இருந்த துக்கத்துக்கு அப்போதுதான் தொடக்கம். அடுத்த பத்து ஆண்டுகளில் அந்தக் குடும்பங்களுக்கு எது கைகொடுத்தது, எது புண்ணைக் கிளறியது என்று பார்த்தால், பெரிய வார்த்தைகளைவிடச் சின்னச் சின்ன ஏற்பாடுகளே முன்னால் வருகின்றன: யார் செய்தி சொன்னார், தபாலை யார் பிரித்தார், பணம் யார் கையில் இருந்தது, நீதிமன்றத்தில் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்.

நடந்தது

கால்ஹவுன் தெருவில் இருக்கிற எமானுவேல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் ஆலயம். 2015 ஜூன் 17, புதன்கிழமை இரவு. வழக்கமான வேதபாட வகுப்பு, ஆராதனை மண்டபத்துக்குக் கீழே உள்ள கூடத்தில். அன்று அதற்கு முன் சபைக் கூட்டம் நீண்டுவிட்டதால் வகுப்பு தாமதமாகவே தொடங்கியது. சுமார் 8.15-க்கு அறிமுகமில்லாத ஒரு வெள்ளை இளைஞன் உள்ளே வந்தான். போதகருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, கையில் வேதாகமமும் பாடத்தாளும் கொடுத்தார்கள். மாற்கு 4-ஆம் அதிகாரம், விதைக்கிறவனின் உவமை. ஏறத்தாழ முக்கால் மணி நேரம் அவனும் உட்கார்ந்து கேட்டான். முடிவு ஜெபத்துக்கு எல்லோரும் கண்ணை மூடியபோது துப்பாக்கியை எடுத்தான்.

அறையில் இருந்த 12 பேரில் ஒன்பது பேர் இறந்தார்கள்: ஆறு பெண்கள், மூன்று ஆண்கள், வயது 26 முதல் 87 வரை. எட்டுப் பேர் அங்கேயே, ஒருவர் மருத்துவமனையில். கூடத்தில் மூவரும், பக்கத்து அலுவலக அறையில் மேசைக்கடியில் ஒளிந்த தாயும் மகளும் என ஐந்து பேர் உயிர் தப்பினார்கள். மறுநாள் வட கரோலினாவில் பிடிபட்டவன் வெள்ளை இனவெறியன். இனப் போர் மூட்ட வந்ததாக அவனே சொன்னான். அவன் பெயர் இந்தக் கட்டுரையில் வராது. இறந்தவர்களின் பெயரைவிடக் கொன்றவன் பெயரைத்தான் அதிகம் கேட்க வேண்டியிருக்கிறது என்பது இப்படிப்பட்ட குடும்பங்களின் பழைய வலி.

துக்கம் விசாரிக்க வரவேண்டியவர்களே இறந்தபோது

சார்ல்ஸ்டன் அடிமைக் கப்பல்கள் வந்து நின்ற பெரிய துறைமுகம். எமானுவேல் சபையின் வேர் 1816-18 காலத்தில் இருக்கிறது. 1822-இல் டென்மார்க் வெஸி என்பவர் திட்டமிட்ட அடிமைகளின் கிளர்ச்சி வெளியே தெரிந்தபின் ஆலயம் அழிக்கப்பட்டது. 1834-க்குப் பின் கறுப்பினச் சபைகளுக்கே தடை. உள்நாட்டுப் போர் முடியும்வரை மறைவில் கூடினார்கள். ஆலயம் நிற்கிற தெருவின் பெயரே அடிமை முறையை ஆதரித்து வாதாடிய ஓர் அரசியல்வாதியின் பெயர். கொலைக்கு இரண்டரை மாதம் முன்பு, ஏப்ரல் 4 அன்று, பக்கத்து ஊரான வட சார்ல்ஸ்டனில் வால்டர் ஸ்காட் என்ற கறுப்பினத்தவரை ஒரு போலீஸ்காரர் முதுகில் சுட்டுக் கொன்றிருந்தார். ஜூன் 17-இன் துக்கம் காலி இடத்தில் வந்து விழவில்லை. போலீஸ் சீருடையைப் பார்த்தாலே உடம்பு இறுகுகிற மக்களிடம், போலீஸ் வழியாகத்தான் உதவியும் வந்து சேர வேண்டியிருந்தது.

இதைவிட முக்கியமான ஒன்று பலர் கண்ணில் படுவதில்லை. கறுப்பினச் சபைகளில் ஒரு வீட்டில் சாவு என்றால் போதகர் வருவார், அவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் மற்ற வேலைகள் நடக்கும். இங்கே இறந்தவர்களில் ஒருவர் தலைமைப் போதகர், மாநில செனட்டர் கிளெமென்டா பிங்க்னி. இன்னும் மூவர் அதே சபையின் ஊழியர்கள். புதன்கிழமைக் கூட்டத்தைத் தாங்கிவந்த மூத்த பெண்களும் போய்விட்டார்கள். யார் வந்து ஆறுதல் சொல்ல வேண்டுமோ அவர்களே சவப்பெட்டிக்குள் இருந்தார்கள். வெளியிலிருந்து நியமிக்கப்பட்ட இடைக்காலத் தலைமைக்கு அடக்க ஆராதனைகள், ஊடகம், தலைவர்களின் வருகை, நன்கொடை என்று தலைக்கு மேல் வேலை. வீட்டுக்கு யாரும் வரவில்லை என்ற மனக்குறை சில குடும்பங்களில் அப்போதே தொடங்கியது. உயிர் தப்பிய ஒருவர் பிறகு அந்தச் சபையை விட்டே விலகினார்.

இங்கே என்ன செய்திருக்கலாம்? அண்டை மாவட்டச் சபைகளிலிருந்து குடும்பத்துக்கு ஒருவர் என்று பெயர் குறித்து, குறைந்தது ஓராண்டுக்கு ஒப்படைத்திருக்கலாம். ஒன்பது வீடு, தப்பியவர்களின் வீடுகள்: மொத்தம் ஒரு டஜன் பேர் போதும். மேடையிலும் கேமரா முன்னாலும் நிற்பவர்களும் இவர்களும் ஒரே ஆட்களாக இருக்கக் கூடாது. அதுதான் ஒரே நிபந்தனை.

முதல் இரவு

குடும்பத்தார் அருகிலிருந்த ஒரு ஹோட்டலில் கூடிக் காத்திருந்தார்கள். உள்ளே கிடந்த உடல்கள் குற்ற இடத்தின் சாட்சியம் என்பதால் யாரும் பார்க்க முடியாது. அடையாளம் உறுதியாகும்வரை மரண விசாரணை அதிகாரி பெயர் சொல்லவும் முடியாது. இந்த இடைவெளி மணிக்கணக்கில் நீளும்போது போன் வழியே வதந்தி முந்திக்கொள்ளும்.

இந்தச் செய்தியைச் சொல்லும் முறை கற்றுக்கொள்ள முடிகிற ஒரு வேலை. இரண்டு பேராகப் போக வேண்டும். ஒருவர் பேச, மற்றவர் அறையைக் கவனிக்க. குடும்பத்தைத் தனி அறைக்கு அழைத்து, எதிரே இருப்பவர் இறந்தவருக்கு என்ன உறவு என்று முதலில் உறுதி செய்துகொண்டு, உட்காரவைத்து, இறந்தவரின் பெயரைச் சொல்லி, "இறந்துவிட்டார்" என்ற சொல்லையே பயன்படுத்த வேண்டும். "காப்பாற்ற முடியவில்லை", "நம்மோடு இல்லை" என்றெல்லாம் சுற்றினால் அதிர்ச்சியில் இருப்பவர் காதில் அது வேறு மாதிரி விழும், "அப்படியானால் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார்?" என்று கேட்பார். பிறகு மௌனமாக இருக்க வேண்டும். உடலை எப்போது பார்க்கலாம், பிரேதப் பரிசோதனை எங்கே, பொருள்கள் எப்போது திரும்பக் கிடைக்கும் என்ற மூன்று கேள்விகளும் எப்படியும் வரும். பதில் தெரியாவிட்டால் எத்தனை மணிக்குத் தெரியும் என்றாவது சொல்ல வேண்டும். கிளம்பும்போது ஒரு பெயரும் போன் எண்ணும் காகிதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அன்று வாயால் சொன்ன எதுவும் நினைவில் நிற்காது.

அன்றிரவே ஒரு கவுன்சலரை அனுப்பி எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து "என்ன பார்த்தீர்கள், என்ன உணர்ந்தீர்கள்" என்று பேசவைக்கும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. அது பிற்கால மன உளைச்சலைத் தடுப்பதாகச் சான்று இல்லை, சிலருக்குக் கெடுதலும் செய்கிறது. தண்ணீர், போர்வை, சார்ஜர், வீட்டில் தனியாக இருக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், இரத்த அழுத்த மாத்திரை கையில் இருக்கிறதா என்ற விசாரிப்பு: முதல் இரவுக்கு வேண்டியது இதுதான்.

மன்னிப்பு யாருடையது

கறுப்பினச் சபைகளின் மன்னிப்பை வெளியே இருந்து எடைபோடுவது எளிது. அவர்களைப் பொறுத்தவரை அது வெறுப்பு தன்னைத் தின்றுவிடாமல் தடுக்கிற பக்திப் பயிற்சி. தலைமுறைகளாகப் பழகி வந்தது. பேசியவர்கள் முழு மனதோடு பேசினார்கள். அதை மதிக்க வேண்டும்.

தவறு அந்தச் சொல்லைக் கேட்டவர்கள் பக்கம். பேசியவர்கள் சிலர், ஊடகம் "குடும்பங்கள் மன்னித்தன" என்று எழுதியது. மன்னிக்காதவர்கள் அந்த நிமிடமே குறைந்த பக்தி உள்ளவர்கள் ஆனார்கள். ஒரே தாயின் பிள்ளைகளுக்குள் ஒருவர் மன்னித்தார், இன்னொருவரால் முடியவில்லை. உறவில் விரிசல் விழுந்தது. குடும்பத்தாரை அழைப்பதற்கு முன், கொலையாளியின் வீட்டாரும் பாதிக்கப்பட்டவர்களே என்று அந்த நீதிபதி பேசியது வேறு பலரைக் காயப்படுத்தியது. அதில் உண்மை இருக்கலாம், அந்த மணி நேரத்தில் அந்த நாற்காலியிலிருந்து சொல்லக்கூடிய பேச்சில்லை.

2017 ஜனவரி 11-இல் தண்டனை நாளன்று முப்பதுக்கும் மேற்பட்டோர் பேசினார்கள். அப்போது கோபம் வெளியே வந்தது, சாபம் வந்தது, மன்னிப்பும் மறுபடி வந்தது. ஒன்றரை ஆண்டு கழித்து எல்லாக் குரலுக்கும் இடம் கிடைத்த நாள் அது. உயிர் தப்பிய ஒரு தாய், கொலை நடந்த இரவு தன் கையிலிருந்த வேதாகமத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார். அவர் மகன் அதே அறையில், அவர் கண் முன்னால் இறந்தவர். சாட்சியமாக எடுத்துப் போன அந்தப் புத்தகத்தை எஃப்.பி.ஐ. முடிந்தவரை சுத்தம் செய்து திருப்பித் தந்திருந்தது. இரத்தக் கறை முழுதாகப் போகவில்லை. அதையே வைத்துப் படிப்பதாகச் சொன்னார். ஒரு பொருளைத் திருப்பிக் கொடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம். பல வழக்குகளில் இறந்தவரின் உடைமைகள் எண் ஒட்டிய காகிதப் பையில், கழுவாமல், முன்னறிவிப்பு இல்லாமல் கைக்கு வருகின்றன. சுத்தம் செய்யலாமா, அப்படியே வேண்டுமா என்று கேட்க வேண்டும். இரண்டுக்கும் ஆசைப்படுகிறவர்கள் உண்டு. இறந்தவரின் வாசனை துணியில் இருக்கும், துவைத்தால் போய்விடும்.

தபாலும் பணமும்

பேரழிவு நடந்த இடத்துக்குப் பணம் கொட்டும். சார்ல்ஸ்டனில் நகராட்சி ஒரு நிதி திறந்தது, ஆலயத்துக்கும் தனியாக வந்தது. ஆலயத்துக்கு வந்த சுமார் 34 லட்சம் டாலரில் 15 லட்சம் டாலர் குடும்பங்களுக்கும் தப்பியவர்களுக்கும் என 2015 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. அதற்குள் கசப்பு முற்றிவிட்டது. கணக்குக் கேட்டு ஒரு குடும்பத்தவர் நீதிமன்றம் போயிருந்தார்.

யாரோ கெட்டவர் என்பதால் இது நேர்வதில்லை. காசோலையில் "எமானுவேல் ஆலயம்" என்று எழுதி, உள்ளே வைத்த கடிதத்தில் "அந்தக் குடும்பங்களுக்காக" என்று எழுதுகிறார்கள். பணம் யாருக்கு? சட்டப்படி ஒரு பதில், நியாயப்படி வேறு பதில். எல்லாப் பூசலும் அந்த இடுக்கில் முளைக்கிறது.

முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியவை சொல்லுகிற அளவுக்குக் கடினமில்லை. பாதிக்கப்பட்ட நிறுவனம் தன் சொந்தக் கணக்கில் வாங்காமல், தனி வங்கிக் கணக்கு, அந்த நிறுவனத்தைச் சேராத பொறுப்பாளர்கள். தபாலை இரண்டு பேர் சேர்ந்தே பிரித்து, தேதி, அனுப்பியவர், யார் பெயருக்கு, எவ்வளவு என்று பதிவேட்டில் எழுதுவது. குடும்பத்தவர் பெயருக்கு வந்த உறையைப் பிரிக்காமல் கையில் சேர்ப்பது. பிறகு பணம் பிரிப்பதற்கு முன்பே விதியை எழுதி, குடும்பங்கள் முன்னால் படித்து, திருத்தம் கேட்டு, வசூலுக்குக் கடைசித் தேதி வைப்பது. இறந்தவரின் பங்கு மனைவிக்கா, தாய்க்கா, பிள்ளைகளுக்கா? அறையில் இருந்து தப்பியவருக்கும் அடுத்த அறையில் இருந்தவருக்கும் ஒரே அளவா? காசு மேசைக்கு வருமுன் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதப்பட்டிருந்தால் சண்டை பாதியாகும். எழுதாமல் விட்டால், யாருக்கு எவ்வளவு என்பது யாருடைய உயிர் எவ்வளவு பெறும் என்பதாகக் குடும்பங்களின் காதில் விழும்.

சிகிச்சை

தென் கரோலினா மருத்துவப் பல்கலைக்கழகம் இதே ஊரில் இருக்கிறது. குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான ஆய்வும் சிகிச்சையும் நடத்தும் பெயர்பெற்ற மையம் அதற்குள் இயங்குகிறது. குழந்தைகளுக்கான அதிர்ச்சிசார் நடத்தைச் சிகிச்சையை உலகெங்கும் இணையம் வழியே கற்றுக்கொடுத்ததும் இங்கிருந்துதான். ஊருக்கு முன் அனுபவமும் இருந்தது: 2007 ஜூன் 18-இல் ஒரு சோபாக் கடை தீ விபத்தில் ஒன்பது தீயணைப்பு வீரர்கள் இறந்திருந்தார்கள். இருந்தும் வெள்ளையர்களின் நிறுவனத்துக்குள் போய் அந்நியரிடம் மனதைத் திறக்கக் கறுப்பினக் குடும்பங்கள் எளிதில் வருவதில்லை. அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களுக்கு மேகநோய்ச் சிகிச்சை தராமல் வைத்து ஆராய்ந்த கதை அங்கே பாட்டிகளுக்கும் தெரியும். அதனால்தான் ஆலயத்தின் பெயரிலேயே ஓர் உதவி மையம் தொடங்கியது சரியான முடிவு. அதற்கு மத்திய அரசின் குற்ற பாதிப்பு நிதி உதவியது. 1984 சட்டப்படி அமைந்த அந்த நிதி குற்றவாளிகளிடம் வசூலான அபராதத்திலிருந்து வருகிறது.

முதல் மாதத்தில் தூக்கமின்மை, திடுக்கிடல், கதவைப் பார்த்தபடி உட்காருவது எல்லாம் இயல்பு. ஒரு மாதத்துக்கு முன் பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பின் வரும் மன உளைச்சல் நோய்) என்று முத்திரை குத்துவதில்லை. நீடித்த துக்கக் கோளாறு என்று சொல்ல, 2022-இல் வந்த அமெரிக்க மனநலக் கையேட்டின்படி பெரியவர்களுக்குக் குறைந்தது 12 மாதம், குழந்தைகளுக்கு 6 மாதம் கடந்திருக்க வேண்டும். அதற்கென்று வடிவமைத்த சிகிச்சை பொதுவாக 16 அமர்வுகள். கொலையில் உறவை இழந்தவர்களுக்குச் சியாட்டிலின் மனநல மருத்துவர் எட்வர்ட் ரைனியர்சன் உருவாக்கிய குழு முறை சுமார் 10 வாரம். அதில் எங்களுக்குப் பிடித்தது அதன் வரிசை. முதலில் மனதைத் தணிக்கும் பயிற்சி, அடுத்து இறந்தவர் எப்படி வாழ்ந்தார் என்று படம், பாட்டு, சமையல் குறிப்போடு பகிர்வது, அதற்குப் பிறகே எப்படி இறந்தார் என்பது. கொலையில் கடைசி ஆறு நிமிடம் 87 ஆண்டு வாழ்க்கையை விழுங்கிவிடுகிறது. வாழ்க்கையை முதலில் மீட்டு வைத்தால்தான் அந்த ஆறு நிமிடத்தைத் தொட முடியும்.

இதில் தவறுவது பெரும்பாலும் நேரம். வழக்கு முடியுமுன் மரணக் காட்சியைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தால், சாட்சியாக நிற்கவேண்டியவருக்கு அது சிக்கல். சிகிச்சைக் குறிப்பை நீதிமன்றம் கேட்கவும் கூடும். அந்தக் காலத்தில் தூக்கம், பயம், பிள்ளைகளின் பள்ளி என்று கைக்கெட்டியதைக் கவனித்துவிட்டு, தீர்ப்புக்குப் பிறகு ஆழமான வேலைக்குப் போவது நல்லது. பல திட்டங்களின் பணமோ தீர்ப்பு வருமுன்பே தீர்ந்துவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. எமானுவேல் குடும்பங்களுக்கு அதிபர் வந்தார், நிதி வந்தது, மையம் வந்தது. வட சார்ல்ஸ்டனின் தெருமுனையில் மகனைப் பறிகொடுத்த தாய்க்கு இதில் எதுவும் வருவதில்லை. பல மாநிலங்களில் இறந்த பையன் மேல் பழைய வழக்கு இருந்தாலே, போலீசுக்கு ஒத்துழைக்கவில்லை என்று ஓர் அதிகாரி எழுதினாலே, அடக்கச் செலவுக்கான அரசு இழப்பீடு மறுக்கப்பட்டிருக்கிறது. துக்கத்துக்குத் தகுதி பார்க்கிற இந்த விதி கறுப்பினக் குடும்பங்களைத்தான் அதிகம் அடிக்கிறது.

நீதிமன்றத்தில்

மத்திய அரசின் வழக்கு 2016 டிசம்பர் 7-இல் தொடங்கி 15-இல் 33 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று தீர்ப்பானது. 2017 ஜனவரி 10-இல் ஜூரி மரண தண்டனை என்று முடிவு செய்தது, மறுநாள் நீதிபதி அதை விதித்தார். தண்டனைக் கட்டத்தில் கொலையாளி வழக்கறிஞரை விலக்கித் தானே வாதாடினான். அதாவது, சாட்சிக் கூண்டில் நிற்கும் விதவையை அவனே குறுக்கு விசாரணை செய்யச் சட்டத்தில் இடம் இருந்தது. அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆனால் கேட்பானோ என்ற பயத்தோடுதான் ஒவ்வொருவரும் படியேறினார்கள். இப்படிப்பட்ட நாளுக்கு முன் குடும்பத்தாரை வெறும் நீதிமன்ற அறைக்கு அழைத்துப் போய், எங்கே உட்காருவார்கள், அவன் எத்தனை அடி தூரத்தில் இருப்பான் என்று காட்ட வேண்டும். குற்ற இடப் படம் திரையில் வருமுன் யாராவது கை தொட்டுச் சொல்ல வேண்டும். வெளியேற விரும்புகிறவர் கதவோரம் உட்கார வேண்டும்.

துப்பாக்கி எப்படிக் கிடைத்தது என்பது குடும்பங்களைத் தனியாக வாட்டியது. ஏப்ரலில் அவன் வாங்கப் போனபோது பின்னணிச் சோதனை நிலுவையில் நின்றது. போதைப்பொருள் வழக்கில் அவனைப் பிடித்தது எந்தக் காவல் துறை என்ற பதிவு தவறாக இருந்ததால் எஃப்.பி.ஐ. அலுவலருக்கு உரிய ஆவணம் கிடைக்கவில்லை. மூன்று வேலை நாள் கடந்தால் கடைக்காரர் விற்கலாம் என்பது சட்டம். ஏப்ரல் 16-இல் விற்றார். குடும்பங்கள் தொடுத்த வழக்கில் 2021 அக்டோபரில் மத்திய அரசு 8.8 கோடி டாலருக்குச் சமரசம் செய்தது. இனவெறியர்கள் குறியீடாக வைத்திருக்கும் 88 என்ற எண்ணை, அவன் 88 தோட்டாக்களோடு வந்ததை மனதில் வைத்தே அந்தத் தொகை தேர்ந்தெடுக்கப்பட்டது. அதே தென் கரோலினாவில் பிங்க்னியின் பெயரைத் தாங்கிய வெறுப்புக் குற்றச் சட்டம் கீழவையில் நிறைவேறியும் செனட்டில் தேங்கிவிட்டது.

பத்து ஆண்டுக்குப் பிறகு

கொலைக்கு ஒரு வாரம் கழித்து அதே கூடத்தில் வேதபாடம் மறுபடி நடந்தது. நூறுக்கும் மேற்பட்டோர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அதன்பின் ஞாயிறுதோறும் வெளியூரார் வந்து இருக்கைகளை நிரப்பினார்கள். அன்போடுதான் வந்தார்கள். ஆனால் தாயின் வழக்கமான இடத்தில் ஒரு சுற்றுலாப் பயணி உட்கார்ந்து போன் எடுப்பதைப் பார்க்கிற மகளுக்கு ஆலயம் வீடாக இருப்பதில்லை. குடும்பத்துக்கென்று முன் வரிசை, ஆராதனை நேரத்தில் படம் எடுக்கத் தடை, ஆண்டு நினைவுநாளில் குடும்பம் மட்டும் கூட ஒரு மணி நேரம்: இவை முதல் மாதமே அறிவிக்க வேண்டியவை.

ஆலயத்தின் நினைவிடத்தை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் மைக்கேல் அராட். எதிரெதிரே வளைந்த இரண்டு உயர்ந்த கல் இருக்கைகள், நடுவே ஒன்பது பெயர்கள் பொறித்த நீரூற்று. தப்பியவர்களுக்குத் தனித் தோட்டம், ஐந்து மரம், ஆறு இருக்கை. ஆறாவது, தப்பிப் பிழைத்த ஆலயத்துக்கே. உயிரோடு இருப்பவர்களுக்கும் இடம் ஒதுக்கியது அரிது.

வழக்கு ஓய்ந்தபாடில்லை. 2021 ஆகஸ்டில் மேல்முறையீடு தள்ளுபடி. 2024 டிசம்பர் 23-இல் அதிபர் பைடன் மத்திய அரசின் மரண தண்டனைக் கைதிகள் 40 பேரில் 37 பேரின் தண்டனையைக் குறைத்தார். விடுபட்ட மூவரில் இவனும் ஒருவன். மரண தண்டனை வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் அந்த ஒன்பது குடும்பங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு வந்த அந்தச் செய்தி எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி விழுந்திருக்காது. இப்படி ஒவ்வொரு முறையும் தொலைக்காட்சிக்கு முன்பாகக் குடும்பத்துக்குப் போன் போக வேண்டும். அதற்கு ஒரு பட்டியல் வேண்டும்: யாருக்கு, எந்த எண்ணில், எந்த நேரத்தில் சொல்லலாம், யாருக்குச் சொல்லவே வேண்டாம். எண்கள் மாறும், முதியவர்கள் இறப்பார்கள், அன்று ஆறு வயதான பிள்ளைக்கு வயது பதினெட்டு நெருங்கும்போது நேரடியாக அவருக்கே சொல்ல வேண்டியிருக்கும். ஆண்டுக்கு இருமுறை சரிபார்க்கிற அந்தப் பட்டியல் யார் கையில் இருக்கும், அவர் வேலையை விட்டுப் போனால் அடுத்து யார் வாங்கிக்கொள்வார் என்பதை முதல் ஆண்டிலேயே எழுதி வைக்க வேண்டும்.